பட்டறைத் திண்ணை: சக்கரத்துக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

சென்ற இதழில் கார் பானட் பற்றி எழுதும்போது, "பானட்டை விட்டுவிடுங்கள், அது பட்டறை வேலை, சக்கரத்தை வேண்டுமானால் வீட்டிலேயே அடித்துக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பானட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் அத்தனையும் சக்கரத்தைப் பற்றித்தான். எனவே இந்த மாதம் முழுக்கச் சக்கரம்.

கரூர் வாசகர்: எங்கள் காருக்கு வயது 12. அலாய் அல்ல, இரும்புச் சக்கரம். வீல் கப் நான்கில் இரண்டு எங்கோ விழுந்துவிட்டன. உள்ளே பார்த்தால் ஒரே துரு. ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே அடித்தால் நிற்குமா? எதிலிருந்து தொடங்குவது?

நிற்கும் தம்பி. ஆனால் ஸ்ப்ரே டப்பா வாங்கப் போகும் அன்றைக்கு முதலில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட நைஸ்) வாங்குங்கள். 120, 220, 400 எண்களில் நான்கு நான்கு தாள். நான் 15 வயதில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தபோது இரண்டு வருடம் ஸ்ப்ரே கன்னைத் தொடவிடவில்லை. காலை முதல் மாலைவரை தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதுதான் வேலை. அதற்குப் பிறகும் நாற்பது வருடம் தேய்த்தேன். இன்றைக்கு ரேஷன் கடைக் கருவி என் கைரேகையை ஒரே தடவையில் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கிறேன்; பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா? ஸ்டெப்னியிலிருந்து. டிக்கியில் கிடக்கும் அந்தச் சக்கரத்தைத்தான் முதலில் அடிக்க வேண்டும். கை பழகும் வரை பிழைகள் எல்லாம் அதில் நடந்து முடிந்துவிடும். அது நன்றாகக் காய்ந்ததும் காரில் ஒரு சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் இதை மாட்டுங்கள். கழற்றியது அடுத்த வாரத்து வேலை. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் கார் ஒருநாள்கூட ஜாக்கியில் தொங்காது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தயாராக இருக்கும். ஸ்டெப்னி மற்ற சக்கரங்களின் அதே அளவுதானா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது கவனம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று இளக்கிவிட்டுப் பிறகு தூக்குங்கள். மண்தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

கழற்றிய சக்கரத்தைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள், உள்பக்கத்தையும் விடாதீர்கள். பிரேக்கிலிருந்து வரும் கறுப்புத் தூளும் கிரீஸும் போன பிறகுதான் தாளை எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்த்தால், அதை நீங்களே கீறலுக்குள் திணித்து வைக்கிறீர்கள். துரு உள்ள இடத்தைக் கம்பி பிரஷ், 120 தாள் என்று இரும்பு வெளுக்கும் வரை தேயுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட்டை முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை. அதன் விளிம்பை மட்டும் 220 தாளால் சரிவாக்குங்கள். வெறும் இரும்பிலிருந்து பழைய பெயின்ட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். அங்கே தேய்க்காமல் விட்டால் பெயின்ட் அடித்த பிறகு அந்த இடம் தேசப்படம் போலத் தெரியும்.

தேய்த்து முடித்ததும் உடனே துடைத்து வெயிலில் காட்டுங்கள். ஈரம் பட்ட வெறும் இரும்பு, நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். ஆகவே தேய்த்த அன்றே ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு.

டயரில் பெயின்ட் படாமல் இருக்க, பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, டயருக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே வரிசையாகச் செருகுங்கள். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 30 துண்டுகள் போதும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் எளிதாகச் செருகலாம். டேப்பைவிட இது நல்லது. விளிம்புக்கு அடியிலும் பெயின்ட் போய்ச் சேரும். வால்வை மட்டும் டேப்பால் சுற்றிவிடுங்கள்.

ப்ரைமர், நிறம், அதற்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனித் தயாரிப்பாக வாங்குங்கள். ஹார்டுவேர் கடை ரெட் ஆக்ஸைடை அடித்துவிட்டு மேலே லேக்கர் (தின்னர் பறந்ததும் சட்டென்று காயும் வகை) ஸ்ப்ரேயை அடித்தால், அதிலிருக்கும் தின்னர் கீழே உள்ளதைக் கிளப்பிவிடும். பால் ஆடைபோலச் சுருங்கிக்கொள்ளும். டப்பாவுக்குள் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஒரு சாண் தூரம். சக்கரத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போன பிறகு விரலை எடுங்கள். முதல் கோட் தூறல் மாதிரி, அடியில் உள்ளது தெரிய வேண்டும். பத்து நிமிடம் கழித்து அடுத்தது. மூன்று மெல்லிய கோட். வழிந்துவிட்டால் துடைக்காதீர்கள். ஒருநாள் காயவிட்டு, 600 தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

இப்போது, எங்கே அடிக்கக் கூடாது என்பது. சக்கரத்தின் உள்பக்கம் நடுவில், ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) போய் உட்காரும் வட்டமான முகம். நட்டு உட்காரும் கிண்ணம் போன்ற குழி. இந்த இரண்டு இடத்திலும் கனமாகப் பெயின்ட் ஏறக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்தமாகப் பட்டறை போட்ட புதிதில் ஓர் அம்பாசிடருக்கு நான்கு சக்கரமும் அடித்துக் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற வெறியில் உள்ளும் புறமும், நட்டுக் குழி உட்பட, நான்கு கோட். வண்டிக்காரர் பழனிக்குப் போய்த் திரும்பியபோது முன்சக்கரம் ஆடுகிறது என்று நிறுத்திப் பார்த்திருக்கிறார். எல்லா நட்டும் கையால் சுற்றும் அளவுக்கு இளகியிருந்தன. பக்கத்துக் கடை மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, குழிக்குள் திருப்புளியால் ஒரு சுரண்டு சுரண்டிக் காட்டினார். பெயின்ட் நசுங்கி, வளையம் வளையமாகப் பிதுங்கி நின்றது. "உன் நட்டு இரும்பைப் பிடிக்கவில்லையடா, பெயின்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது" என்றார். பெயின்ட் நசுங்கித் தேய்ந்ததும் நட்டின் பிடி போய்விட்டது. அந்த வண்டிக்காரர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவிருந்திருக்காது.

ஆகவே அந்தக் குழிகளில் நட்டு அளவுக்குத் துணி உருண்டையைத் திணித்துவிட்டு அடியுங்கள். திரும்ப மாட்டும்போது வட்டமாகச் சுற்றிக்கொண்டே போகாமல், எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

திருநெல்வேலி வாசகி: ஸ்கூட்டரின் அலாய் சக்கரம் ஓரம் உரசி அசிங்கமாகிவிட்டது. நானே நன்றாகக் கழுவி, சில்வர் ஸ்ப்ரே அடித்தேன். பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிட்டது. மட்டமான பெயின்ட்டா?

பெயின்ட் மேல் பழி போடாதீர்கள் அம்மா. அலாய் என்பது அலுமினியம். அலுமினியத்தைத் தேய்த்து வெளுக்க வைத்த நொடியிலேயே காற்றுப் பட்டு அதன்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது. சாதாரணப் பெயின்ட் அதன்மேல் உட்காருமே தவிர ஒட்டாது. அதற்கென்று எட்ச் ப்ரைமர் என்று இருக்கிறது. அதில் உள்ள அமிலம் அலுமினியத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். 320 தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் எட்ச் ப்ரைமர் ஒரே ஒரு மெல்லிய கோட் அடித்துவிட வேண்டும். உரசிய பள்ளத்துக்குப் பட்டி வைப்பதாக இருந்தால் அதைத் தேய்த்த அலுமினியத்தின் மேல் நேராக வைத்துத் தேய்த்துவிட்டுப் பிறகு ப்ரைமர் அடியுங்கள். எட்ச் ப்ரைமர் மேல் பட்டி வைத்தால் அந்த அமிலம் பட்டியைச் சரியாக இறுகவிடாது.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. உரிந்தது எந்த இடத்தில் தொடங்கியது? டயர் ஓரத்தில் என்றால், வண்டியைச் சர்வீஸ் விடும்போதெல்லாம் டயருக்குப் பூசுகிறார்களே ஒரு பளபளப்பு எண்ணெய், அதில் சிலிக்கோன் உண்டு. அது ரிம்மிலும் வழிந்திருக்கும். சோப்புக்கு அது லேசில் போகாது. பெயின்ட் விற்கும் கடையிலேயே கிடைக்கும் மெழுகு நீக்கும் திரவத்தால், துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் ஓரிடத்து எண்ணெயை மற்ற இடத்துக்கும் பரிமாறியதாகத்தான் அர்த்தம்.

கழுவினேன் என்றீர்களே, எதனால்? கழிவறை ஆசிட்டாக இருந்தால் இனி வேண்டாம். அது அலுமினியத்தை அரித்துக் குழி குழியாக்கிவிடும்.

சென்னை, வேளச்சேரி வாசகர்: அடுக்குமாடிக் குடியிருப்பு. சக்கரத்தைக் கழற்றாமல், வண்டி நிற்கிற இடத்திலேயே அடிக்க முடியாதா?

அடிக்கலாம். உள்ளே பிரேக் டிஸ்க்கிலும் சேர்ந்து விழும். முதல் சில பிரேக்குக்கு வண்டி நிற்க யோசிக்கும். பிரேக் மேல் பட்டது பட்டதுதான் என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை. இன்னொன்று: ஸ்ப்ரேயின் புகை காற்றில் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளைக் காரில் பொடிப்பொடியாக உட்காரும். தடவிப் பார்த்தால் உப்புத்தாள்போல் இருக்கும். அதற்குப் பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும். கழற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: ஐப்பசி மாதம் கறுப்பு அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிட்டது. ஏன்?

மாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். லேக்கர் வகைப் பெயின்ட்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அது பெயின்ட்டின் மேல் பனிபோலப் படியும். அதுதான் அந்த வெளிறல். பட்டறையில் நாங்கள் மெதுவாகக் காயும் தின்னர் கலந்து சமாளிப்போம். டப்பாவில் அதற்கு வழியில்லை. நல்ல வெயில் உள்ள ஒருநாள் பார்த்து, 1000 தாளால் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, காயவிட்டு, மேலே ஒரு மெல்லிய கோட் அடியுங்கள், சரியாகிவிடும். தை, மாசியில் காலை எட்டு மணிக்கு மேல் பதினொன்றுக்குள் அடிப்பது என் பழக்கம். சித்திரை வெயிலில் வேறு தொல்லை: பெயின்ட் சக்கரத்தை அடைவதற்குள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். அப்போது நிழல் வேண்டும்.

சேலம் வாசகர்: என் அப்பாவின் புல்லட். ரிம்மில் குரோமியம் துருப்பிடித்துவிட்டது. கறுப்பு அடித்துவிடட்டுமா?

மனசு வரவில்லை எனக்கு. முதலில் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேலாகப் பூத்த துரு அதிலேயே போய்விடும். குழி விழுந்துவிட்டது என்றால் திரும்ப முலாம் போடக் கொடுப்பதுதான் முறை. அதற்குமேல் உங்கள் விருப்பம். அடிப்பதென்றால் குரோமியத்தின் பளபளப்பு மிச்சமில்லாமல் தேய்க்க வேண்டும், கண்ணாடியில் பெயின்ட் ஒட்டுமா? ஸ்போக்ஸ் கம்பி ரிம்மோடு சேரும் நிப்பிளில் பெயின்ட் போகாமல் ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றுங்கள். பெயின்ட் அங்கே இறுகிவிட்டால் பிறகு கோட்டம் எடுக்கிறவர் உங்களைச் சபிப்பார்.

மதுரை வாசகர்: கிளியர் கோட் இரண்டு டப்பாவாகக் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) வகைதான் நீடிக்கும் என்கிறார்கள். வாடகைக்குக் கம்ப்ரஸர் எடுத்து வீட்டிலேயே அடிக்கலாமா?

நீடிக்கும், அது உண்மை. வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருதடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அதற்குப் பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். முகத்தில் கட்டும் துண்டும் மருந்துக்கடை மாஸ்க்கும் இதற்குக் காணாது. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடி வேண்டும். என்னோடு நாமக்கல்லில் கன் பிடித்த ஒருவர் இன்று மாடிப்படி ஏற நடுவில் உட்கார்ந்து எழுந்துதான் ஏறுகிறார். எங்கள் காலத்தில் ஈரத் துண்டுதான் முகமூடி. சக்கரத்தைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் கிளியர் மட்டும் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ப்பு வேலையை நீங்களே முடித்துக் கொடுத்தால் கூலியும் குறையும்.

ஓசூர் வாசகர்: பள்ளத்தில் இறங்கியதில் அலாய் சக்கரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் தெரியாதல்லவா?

தெரியாது. அதுதான் ஆபத்து. அது கீறல் அல்ல, விரிசல். சக்கரத்தை மாற்றுங்கள்.

காங்கேயம் வாசகி: தாத்தாவின் கட்டை வண்டி போய்விட்டது; ஒரு சக்கரம் மட்டும் மிச்சம். வீட்டு முன்கட்டில் வைக்க ஆசை. வார்னிஷ் அடித்தால் போதுமா?

இந்தக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊரில் ஆசாரி சக்கரத்துக்குப் பட்டை போடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வரட்டியை வட்டமாக அடுக்கி, நடுவே இரும்புப் பட்டையை வைத்துச் செவக்கக் காய்ச்சி, நான்கு பேர் குறடால் தூக்கி வந்து மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் பற்றிக்கொண்டு புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுக்கட்டையான குடத்துக்குள் நெருக்கி இறங்கும் சத்தம் 'கிரீச்' என்று கேட்கும். ஆணியைவிட அந்தச் சுருக்கம்தான் சக்கரத்தைச் சேர்த்துப் பிடிக்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு தொல்லை வரும். வீட்டுக்குள் வைத்தால் மரம் உலர்ந்து சுருங்கும், பட்டை தளரும். வண்டி ஓட்டிய காலத்தில் வாய்க்காலில் இறக்கி நனைத்தார்கள். முன்கட்டில் அது முடியாது. எண்ணெய் கொடுங்கள். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்குப் பாதி கற்பூரத் தைலம் (டர்பன்டைன்) கலந்து, குடத்தின் வாய், ஆரக்கால் செருகும் இடம் ஆகியவற்றில் நன்றாக ஊறும்படி, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை பூசுங்கள். வார்னிஷ் மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். மரம் சுருங்கும்போது வெடித்து உதிரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவையுங்கள்.

சக்கரத்தில் பழைய செந்நிறப் பெயின்ட் மிச்சம் இருந்தால் உலர் தேய்ப்பு கூடவே கூடாது. அக்காலச் சிவப்பில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் விட்டுத் தேயுங்கள், சேற்றைத் துணியில் வழித்தெடுங்கள், பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இரும்புப் பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்ஸைடு ஒரு கை, மேலே மங்கலான கறுப்பு ஒரு கை. கடையாணி கிடைத்தால் அதையும் அச்சுத் துளை அருகே தொங்கவிடுங்கள். அதற்கு மட்டும் எதுவும் பூச வேண்டாம். தாத்தா கைபட்டு வழவழப்பானது அப்படியே இருக்கட்டும்.

ஈரோடு வாசகி: எங்கள் காரின் இரும்புச் சக்கரத்துக்கு அவர் கறுப்புதான் அடிக்க வேண்டும் என்கிறார். நான் சில்வர் என்கிறேன். தீர்ப்பு சொல்லுங்கள்.

சில்வர். கறுப்பில் நம் ஊர்ச் செம்மண் புழுதி முதல் நாளே தெரியும். சேறு காய்ந்தால் வெள்ளைக் கோலம் போடும். சில்வரில் பிரேக் தூள் கொஞ்சம் தெரியும், துடைத்தால் போய்விடும். அவர் விடாப்பிடியாக நின்றால் ஸ்டெப்னியைக் கறுப்பாக அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை பழகவும் ஆயிற்று.